லிஃப்ட்காரரின் மாத்திரைக் கணக்கு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு நாள் குறித்தாகிவிட்டது என்ற சேதி, அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட்டைவிட வேகமாக ஏறியது. இதில் வியக்க ஒன்றும் இல்லை. லிஃப்ட் அன்று ஓடவில்லை.

சேதியைக் கிளப்பியவர் வாட்ச்மேன். மொட்டை மாடிக்கும் மேலே இருக்கும் மெஷின் ரூமுக்குச் சாவி கொடுக்கப் போனவர், மெக்கானிக் கைக்கடிகாரத்தைப் பார்த்ததையும், கருவிப் பைக்குள்ளிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்ததையும், இரண்டு மாத்திரைகளை ஒரே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்ததையும் பார்த்தார். அதுவரைக்கும் பரவாயில்லை. விழுங்கி முடித்த மெக்கானிக் சிரித்தார்.

"மாத்திரை போட்டுட்டு சிரிக்கிறவன எங்கயாவது பாத்திருக்கீங்களா? கசப்புல மூஞ்சி கோணும், இல்ல தொண்டையில சிக்கிக்கும். இந்தாளு சிரிக்கிறாரு. எல்லாத்தையும் விட்டவன்தான் அப்படிச் சிரிப்பான்" என்று தரைத்தளத்தில் தீர்ப்பு வாசிக்கப்பட்டது.

இரண்டாவது மாடியில் அது சர்க்கரை வியாதியாக இருந்தது. நான்காவதில் ஒரு சிறுநீரகம் போயிருந்தது. ஐந்தாவது மாடியில் குடியிருக்கும் சங்கச் செயலாளர் உண்மையாகவே கலங்கிப்போனார். "மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட் முடியறதுக்குள்ள ஒண்ணும் ஆயிடாதே?" என்றார். எட்டாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்னொரு சிறுநீரகமும் போயிருந்தது.

பத்தாவது மாடி மேடம் இப்படி வாய்க்கு வந்ததைப் பேசுகிற ஆள் இல்லை. ஆதாரம் கேட்பவர். மாத்திரை என்ன நிறம், டப்பாவில் என்ன பேர் என்று வாட்ச்மேனைத் துருவினார். வாட்ச்மேன் அடுத்த தடவை மெஷின் ரூமைப் பெருக்கியபோது குப்பையிலிருந்து ஒரு காலி அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். மேடம் அந்தப் பேரைப் போனில் அடித்துப் பார்த்தார். எச்.ஐ.வி.க்கான மருந்து என்று முதல் வரி சொன்னது. போனை வைத்துவிட்டார். இரண்டாவது வரியையும் படித்திருந்தால் இவ்வளவு தூரம் பேச வேண்டிய தேவையே இருந்திருக்காது.

மறுநாளிலிருந்து சிலர் லிஃப்ட் பொத்தானைக் கைக்குட்டையால் அழுத்தினார்கள். ஆறாவது மாடிக்காரர் கார் சாவியின் முனையால் அழுத்தினார். ஒருவர் முழங்கையால் அழுத்தப் போய் ஒரே சமயத்தில் மூன்று மாடிகளுக்கு ஆர்டர் கொடுத்து, இறங்க வேண்டிய இடத்தைத் தவிர மற்ற இடத்திலெல்லாம் நின்று வந்தார்.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். புகையை விசாரிக்கப் பன்னிரண்டு மாடியையும் தாண்டி ஏற வேண்டும். மேலே ஏறினால் பாதி நெருப்புதான் இருந்தது. மீதிப் பாதி, நெருப்பு பிடிக்காமல் இருக்கச் செய்துவைத்த ஏற்பாடு.

மெக்கானிக்குக்கு வயது நாற்பத்திரண்டு. கிரீஸ் நகத்துக்குள் குடியேறிப் பல வருடம் ஆகிவிட்டது. ஒரு ஜன்னல் வைத்த ஒற்றை அறையில் இருந்தார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், "என் ரூம் கெப்பாசிட்டி ஒரு ஆள்தான், ஓவர்லோட் ஆனா கதவு மூடாது" என்பார். கேட்டவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஆண்களைத்தான் தன் மனம் தேடும் என்பது அவருக்கு மீசை அரும்பும் முன்பே தெரியும். அவருடைய அக்காவுக்கும் தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்வது அவள் பாசத்தின் வடிவம்.

அந்த ஒற்றை ஆள் கெப்பாசிட்டி அறையில் சில வாரங்களுக்கு ஒருமுறை இரண்டாவது ஆள் ஏறுவார். வேறு ஊரில் இருந்த எடை அளவு இன்ஸ்பெக்டர். எடைக்கற்கள் அடுக்கிய மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பது அவர் வேலை. சோதனைக்கு இந்த ஊர்ப் பக்கம் வரும்போது, "நாளைக்கு வர்றேன்" என்று முதல் நாளே போன் வரும். மெக்கானிக் அவருக்கு வைத்த பேர் தராசு. தொழிலுக்காக மட்டும் வைத்த பேர் அல்ல. சோறு போட்டாலும், "உனக்கு ஒரு கரண்டி ஜாஸ்தி போயிடுச்சு" என்று தட்டைப் பார்த்துச் சொல்கிறவர். இருவருக்கும் நடுவே பூட்டு சாவி எதுவும் கிடையாது. தன் ஊரில் தனக்கு வேறு ஒருவரோடும் எப்போதாவது உண்டு என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார் தராசு. பொய் எடை போட மாட்டார்.

அதனால்தான் மெக்கானிக் ஒருநாள் அந்தச் சின்னக் கிளினிக்குக்குப் போனார். அங்கே இருந்த சிஸ்டர் முதலில் ரத்தம் எடுத்தார். எச்.ஐ.வி. இல்லை, மஞ்சள் காமாலை பி கிருமி இல்லை, சிறுநீரகம் இரண்டும் சுகம் என்று பார்த்தபிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வராம தடுக்கறதுக்கு மாத்திரை இருக்குண்ணா. ரெண்டு விதமா சாப்பிடலாம். ஒண்ணு, தினமும் ஒண்ணு, விடாம. இன்னொண்ணு, தேவைப்படும்போது மட்டும். சேர்றதுக்கு குறைஞ்சது ரெண்டு மணி நேரம் முன்னாடி ரெண்டு மாத்திரை. ஒரு நாள் முன்னாடின்னாலும் சரி. அடுத்த நாள் அதே நேரத்துக்கு ஒண்ணு. அதுக்கு அடுத்த நாள் ஒண்ணு."

"புரிஞ்சுபோச்சு. ஒண்ணு மாசாமாசம் சர்வீஸ். இன்னொண்ணு பிரேக்டவுன் கால்."

"அப்படியும் வெச்சுக்கலாம். ஆனா இங்க பிரேக்டவுன் ஆகறதுக்கு முன்னாடியே மெக்கானிக் வந்து நிக்கணும்."

"எது ஒசத்தி சிஸ்டர்?"

"ஒசத்தி தாழ்த்தி இல்ல. உங்க பொழப்பு எப்படியோ அதுதான். எப்பவாவதுதான், அதுவும் முன்னாடியே தெரியும்னா ரெண்டாவது போதும். எப்ப வேணா நடக்கும், அடிக்கடி நடக்கும்னா தினமும் சாப்பிடறது நல்லது. காமாலை கிருமி இருக்கறவங்களுக்கு ரெண்டாவது கூடாது, விட்டு விட்டுச் சாப்பிட்டா ஈரல் கோவிச்சுக்கும். உங்களுக்கு அது இல்ல. ஆனா மத்த நோய்க்கெல்லாம் இந்த மாத்திரை காவல் இல்ல, அதுக்கு ஆணுறைதான். மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து ரத்தம் குடுக்கணும்."

இருபது வருடமாகக் கட்டடம் கட்டடமாகப் போய், "ஓடும்போதே சர்வீஸ் பண்ணுங்க சார், நின்னப்புறம் கூப்பிடாதீங்க" என்று செயலாளர்களுக்கு வேதம் ஓதியவர் மெக்கானிக். தனக்கென்று வந்தபோது, "ஓடாத லிஃப்ட்டுக்கு எதுக்கு கிரீஸ்" என்று இரண்டாவது வழியைப் பிடித்துக்கொண்டார். பிடித்ததில் பிழை இல்லை. தராசு அபூர்வமாக வருகிறவர், சொல்லிவிட்டு வருகிறவர். மெஷின் ரூமில் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு அவர் சிரித்தது, சாயங்காலம் வரப்போகிற ரயிலை நினைத்து.

பிழை வேறொரு இடத்தில் நடந்தது. அது லிஃப்ட்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய பிழை.

அவர்கள் தொழிலில் ஒரு புகாருக்கு ஒரு நம்பர். புகார் பதிவான நேரத்திலிருந்து கணக்கு ஓடும். சரிசெய்த லிஃப்ட் இரண்டு நாளில் மறுபடி மக்கர் பண்ணினாலும் அது புதுப் புகார் இல்லை, பழைய நம்பருக்குள்ளேயே அடக்கம். வாட்ச்மேன் பார்த்த அந்த வெள்ளிக்கிழமை வந்த தராசு, ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாக இருந்தது. மார்க்கெட்டில் தராசுகள் வரிசையாகப் பொய் சொல்லி மாட்டிக்கொண்டதால் செவ்வாய்வரை தங்கிவிட்டார். மெக்கானிக் வெள்ளி இரண்டு, சனி ஒன்று, ஞாயிறு ஒன்று என்று சாப்பிட்டு மனதுக்குள் 'கால் க்ளோஸ்', அதாவது புகார் தீர்ந்தது என்று எழுதிவிட்டார். திங்கட்கிழமை மழை பெய்தது. தராசு மெக்கானிக்கின் பனியனைப் போட்டுக்கொண்டு ஜன்னலில் நின்றார். மனசு எழுதிய க்ளோஸை உடம்பு ஒப்புக்கொள்ளவில்லை. அதுவும் பழைய நம்பருக்குள் அடக்கம் என்றே மெக்கானிக் நினைத்தார்.

இரண்டு வாரம் கழித்து மூன்று மாத ரத்தப் பரிசோதனைக்குப் போனார். சிஸ்டர் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார்.

"கடைசியா எப்ப சேர்ந்தீங்க?"

"திங்கக்கிழம. ரெண்டு வாரம் ஆச்சு."

"கடைசி மாத்திரை?"

"ஞாயித்துக்கிழம. கணக்கு சரியா வந்துச்சு."

சிஸ்டர் பேனாவை மூடினார். "அண்ணா, முதல் தடவையிலிருந்து எண்ணக் கூடாது. கடைசித் தடவையிலிருந்து எண்ணணும். அவர் இருக்கறவரைக்கும் தினம் ஒண்ணு போட்டுக்கிட்டே வந்து, கடைசியா சேர்ந்ததுக்கு அப்புறமும் ரெண்டு நாள் சாப்பிட்டிருக்கணும். திங்கக்கிழமைக்கு உங்க மேல பாதிக் கூரைதான் இருந்துச்சு."

மெக்கானிக் விரல்களில் நாட்களை மறுபடி எண்ணிப் பார்த்தார். "இப்ப என்ன பண்றது?"

"அன்னைக்கோ மறுநாளோ போன் பண்ணியிருந்தா வேற மருந்து ஒண்ணு ஒரு மாசத்துக்கு குடுத்திருப்போம். மூணு நாளைக்குள்ள ஆரம்பிக்கணும் அது. தாண்டிடுச்சு. இன்னைக்கு ரத்தம் எடுக்கறேன், ஆனா இது சீக்கிரம். இன்னொரு ரெண்டு மூணு வாரம் கழிச்சு எடுக்கறதுதான் பேசும். அதுவரைக்கும் உறை இல்லாம வேணாம். பயப்படாதீங்க, ஒரு தடவைதானே. அதுக்காக அலட்சியமும் வேணாம்."

வெளியே வந்த மெக்கானிக் பஸ் ஸ்டாப்பில் மூன்று பஸ்ஸை விட்டார். பத்தாவது மாடியில் எச்.ஐ.வி. ஆன வதந்தி, மேடம் போனில் தேடிய கதையோடு அவர் காதுக்கும் வந்திருந்தது. முந்தின வாரம் கேட்டபோது சிரிப்பு வந்தது. இப்போது அந்த வதந்தி உண்மையாகவும் இருக்கலாம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, சரி. ஊர் வாய் தற்செயலாக நிஜத்தைச் சொல்லிவிட்டால் அதை எதனால் மூடுவது?

சாயங்காலம் தராசுக்குப் போன் போட்டார். "யோவ், ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னார்.

"நான் கடைசியா டெஸ்ட் எடுத்தது எப்பன்னு யோசிச்சுப் பாக்கறேன்" என்றார் தராசு. "ஞாபகம் வரல. ஊர்ல இருக்கற தராசுக்கெல்லாம் வருஷா வருஷம் முத்திரை குத்தறவன், என்னைய எவனும் முத்திரை குத்தல பாரு."

"உன்னைய குத்தம் சொல்ல போன் பண்ணல."

"தெரியும்டா. ஞாயித்துக்கிழம வர்றேன். நானும் ரத்தம் குடுக்கறேன். இன்னொரு சேதி இருக்கு. வெச்சிருந்து நேர்ல சொல்லலாம்னு பாத்தேன். என்னைய உங்க ஊருக்கே மாத்திட்டாங்க. அடுத்த மாசத்திலேருந்து."

எத்தனையோ வருடமாக மெக்கானிக் கேட்க ஆசைப்பட்ட சேதி அது. கேட்ட நேரம் பார்த்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் நின்றதே ஒழிய, சந்தோஷம் வரவில்லை. "கொஞ்சம் பொறு. என் ரிசல்ட் வரட்டும். ஒருவேளை..."

"ஒருவேளைன்னா அதுக்கும் மருந்து இருக்கு. சாப்பிட்டுக்கிட்டு எத்தனையோ பேர் குத்துக்கல்லாட்டம் இருக்காங்க. ஒழுங்கா சாப்பிட்டு கிருமி அடங்கிட்டா அடுத்தவனுக்கு ஒட்டறதுகூட இல்ல. நீ வீடு பாரு. ரெண்டு ஜன்னல் இருக்கற வீடா பாரு. உன் ரூம்ல நின்னா எனக்கு எதிர்வீட்டுக்காரன் பல் தேய்க்கறது மட்டும்தான் தெரியுது."

தராசு வந்து ரத்தம் கொடுத்தார். அன்றைய சோதனையில் இல்லை என்று வந்தது. அவரும் சமீபத்தில் ஊரில் அந்த வேறொருவரோடு ஒருமுறை இருந்திருந்ததால் திரும்பவும் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும் என்றார் சிஸ்டர். கிளினிக் பெஞ்சில் இரண்டு பேரும் பரீட்சை எழுதிய பையன்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மெக்கானிக் வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கேட்காத கட்டடத்துக்கெல்லாம் போய்க் கதவு உருளைகளைத் துடைத்தார். இரவில் நிணநீர்க் கட்டி ஏதும் இருக்கிறதா என்று கழுத்தைத் தடவித் தடவிக் கழுத்தே புண்ணாகிவிட்டது.

இருவரும் மறுபடி கொடுத்த ரத்தத்தின் ரிசல்ட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பத்தாவது மாடி மேடம் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டார். சாவி முனையின் உபயத்தால் ஆறாம் நம்பர் பொத்தான் உள்ளே புதைந்து, லிஃப்ட் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே யோசித்துக்கொண்டு நின்றது. மெக்கானிக் ஓடிவந்து மேலே போய் மெயினை அணைத்தார். பிரேக்கைக் கையால் தளர்த்தி இஞ்ச் இஞ்சாக லிஃப்ட்டை நகர்த்திவிட்டு, எட்டாவது மாடிக்கு இறங்கிச் சாவி போட்டுக் கதவைத் திறந்தார். லிஃப்ட் முழங்கால் உயரம் தாழ்ந்து நின்றது. உள்ளே மேடம், கையில் காய்கறிப் பை, முகம் முழுக்க வேர்வை.

"கை குடுங்க மேடம். ஒரு எட்டு வெச்சா மேல வந்துடலாம்."

மேடம் கையைப் பார்த்தார். மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தார். திரும்பக் கையைப் பார்த்தார். பைக்குள் கைக்குட்டையைத் தேடினார். பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் தரையைப் பார்த்தார்.

"எனக்கு இருக்குன்னு சொல்லிக்கிறாங்க, தெரியும்" என்றார் மெக்கானிக். குரல் அவர் நினைத்ததைவிட அமைதியாக வந்தது. "இருக்கா இல்லையான்னு எனக்கே வெள்ளிக்கிழமைதான் தெரியும் மேடம். நான் சாப்பிட்டது வராம தடுக்கற மாத்திரை. நடுவுல ஒரு கணக்கு தப்பிட்டேன். ஆனா இருந்தாலும் சரி, கை குடுத்தா ஒட்டாது, பொத்தான்ல ஒட்டாது. அது எனக்கு நிச்சயமா தெரியும். இப்ப வர்றீங்களா, இல்ல பையை மட்டும் தூக்கிக்கட்டுமா?"

மேடத்தின் முகத்தில் வேர்வையோடு வேறு ஏதோ ஒன்றும் வழிந்தது. கையை நீட்டினார். கிரீஸ் கையைக் கெட்டியாகவே பிடித்துக்கொண்டு மேலே வந்தார். வந்தபிறகும் சட்டென்று விடவில்லை.

"தடுக்கற மாத்திரையா? அப்படி ஒண்ணு இருக்கா?"

"நீங்க போன்ல பாத்த அந்தப் பேருக்குக் கீழ ரெண்டாவது வரியிலேயே போட்டிருக்குமே மேடம்."

மேடம் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். வாட்ச்மேன் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு படியேறும் வரை காத்திருந்துவிட்டு, மெல்லக் கேட்டார்: "எந்தக் கிளினிக்குங்க?"

"யாருக்கு மேடம்?"

"சும்மா. தெரிஞ்சு வெச்சுக்கலாம்னுதான்."

மெக்கானிக் கிளினிக் இருந்த தெருவைச் சொன்னார். வேறு எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது வரிகளைத் துருவுவது அவருடைய வேலை இல்லை.

வெள்ளிக்கிழமை சிஸ்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு முதலில் முகத்தால் சொன்னார், அப்புறம் வாயால். "இல்லண்ணா. அவருக்கும் இல்ல. மூணாவது மாசம் ஒரு தடவை எடுத்து முடிச்சுக்கலாம், ஆனா நிம்மதியா தூங்கலாம்."

மெக்கானிக் எழுந்து நின்றார், ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். தராசு அவர் முதுகில் ஒன்று வைத்தார். மெதுவாகத்தான், ஆனால் சத்தம் கேட்டது.

"பழைய மாதிரியே தரட்டுமா?" என்றார் சிஸ்டர்.

"வேணாம். இவன் இங்கயே குடி வர்றான். முன்னாடி போன் பண்ணிட்டு வர்ற ஆளா இருந்தவரைக்கும் அது சரிப்பட்டுச்சு. இனிமே எப்ப மழை பெய்யும்னு எனக்கெப்படித் தெரியும்? தினமும் சாப்பிடறேன். மாசாமாசம் சர்வீஸ்லயே சேத்துக்குங்க."

"நானும்" என்றார் தராசு. "நான் ஊருக்குப் போனா என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது. நான் உத்தமன்னு எடை போட மாட்டேன்."

"நீ சொல்லாட்டியும் தெரியும்" என்றார் மெக்கானிக். சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, முதல் நாள் மட்டும் இரண்டு, அப்புறம் தினம் ஒன்று என்று இரண்டு டப்பாக்களை நீட்டினார்.

கட்டடத்தில் வதந்தி இறங்கு முகமாக வந்தது. பத்தாவது மாடியில் கிளம்பியபோது சரியாகத்தான் இருந்தது: வராமல் காக்கும் மருந்து. ஐந்தாவதில் அது எல்லா நோய்க்கும் காப்பாக மாறியது. செயலாளர் தன் மூட்டு வலிக்கு ஆகுமா என்று விசாரித்தார். தரைத்தளத்துக்கு வந்து சேர்ந்தபோது வாட்ச்மேன் மெக்கானிக்கை ஓரமாக அழைத்துப்போனார்.

"தம்பி, அண்ணன்கிட்ட மறைக்காத. அது ஆம்பளைக்கு தெம்பு குடுக்கற மாத்திரையாமே? அதான் அன்னைக்கு சிரிச்சியா?"

"அண்ணே, அது தெம்பு குடுக்கறது இல்ல. தெம்பு இருக்கறவனுக்குக் குடுக்கறது."

வாட்ச்மேன் நிறைய யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்றார்.

இரண்டு ஜன்னல் வீடு கிடைத்தது. ஒன்றில் மரம், ஒன்றில் பல் தேய்க்கிற வேறொரு ஆள். பிரஷ் வைக்கும் தட்டில் இரண்டு டப்பாக்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும், யார் முதலில் எழுகிறாரோ அவர் இரண்டு பேருக்கும் தண்ணீர் எடுத்துவருவார். வேறு சடங்கு எதுவும் இல்லை.

போன மாதம் ஒருநாள் மெக்கானிக் வெளியூர் வேலைக்குக் கொண்டுபோன டப்பாவைக் கம்பெனி வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தார். தராசு தன் டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"நாளைக்குத் தந்துடறேன்" என்றார் மெக்கானிக்.

மறுநாள் தந்தார். தராசு வாங்கவில்லை. "நான் இன்னைக்குப் புது டப்பா வாங்கிட்டேன். இதைச் சேத்தா என் கணக்குல ஒண்ணு கூடும். கூடினாலும் தப்பு, குறைஞ்சாலும் தப்பு. நான் என்னைக்குத் தீர்ந்து கேக்கறேனோ அன்னைக்குக் குடு."

"உனக்கு என்னைக்குய்யா தீரும்? நீதான் ஒரு வாரம் முன்னாடியே போய் க்யூவுல நிக்கறவனாச்சே."

"அப்ப பாக்கி இருக்கட்டும்."

சிஸ்டரிடம் சொன்னபோது, மாத்திரையைக் கடன் வாங்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது என்று இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு டோஸ் கொடுத்தார். அது சரி. ஆனால் வாங்கியாகிவிட்டதே. மெக்கானிக் வாரத்துக்கு ஒருமுறை ஞாபகப்படுத்துகிறார், தராசு வாரத்துக்கு ஒருமுறை மறுக்கிறார். அந்த ஒரு மாத்திரை இன்னும் பாக்கியாகத்தான் இருக்கிறது.